சிலுவைராஜின் ஆட்கள்

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. ஓட்டை வேன் ஒன்றை வைத்துத் தொழில் தொடங்கி, எண்பதுகளின் தொடக்கத்தில் சிங்கப்பூர் சிராங்கூன் ரோட்டை ஒட்டிய சந்தில் சொந்தமாக அலுவலகம் போட்டேன். விடிந்தால் என் வேன்கள்தான் ஈசூனிலிருந்தும் தோ பாயோவிலிருந்தும் ஆட்களை அள்ளிக்கொண்டுபோய் ஜூரோங் தொழிற்சாலைகளில் இறக்கும். பட்டம் படித்தவர்கள் என் மேசைக்கு முன்னால் வேலை கேட்டு நின்றிருக்கிறார்கள். என் கதையை வேறு யாராவது எழுதிக்கொள்ளட்டும். சிலுவைராஜின் கதையை எழுதத்தான் ஆளில்லை. கூடவே இருந்து பார்த்தவன் என்பதால் நானே எழுதுகிறேன்.

அவனும் நானும் ஒரே வயது, ஒரே மாதா கோவில். வெள்ளைக்காரன் காலத்தில் சாங்கி விமானத் தளத்தில் அவன் சரக்கு இறக்கும் கூட்டத்துக்கு மண்டோர். கங்காணி என்று ஊரில் சொல்வோமே, அதுதான். எழுபத்தொன்றில் வெள்ளைக்காரன் மூட்டை கட்டியபோது கூட்டம் கலைந்தது. குடியுரிமை இல்லாதவர்கள் கப்பல் ஏறினார்கள். இருந்தவர்கள் அங்கே இங்கே கூலிக்குப் போனார்கள். இரண்டு வருடம் கழித்து ஜூரோங்கில் ஐரோப்பாக்காரன் ஒருவன் தொலைக்காட்சிப் பெட்டி செய்யும் கம்பெனி திறந்தான். சிலுவைராஜ் நேரே வாசலுக்குப் போய், "பத்து ஆள் கொண்டாறேன், பத்துப் பேருக்கும் நான் பொறுப்பு" என்று மலாயில் சொன்னான். அந்தப் பத்துப் பேரின் முகத்தைக்கூடப் பார்க்காமல் எடுத்துக்கொண்டார்கள். பெட்டிகளை அட்டையில் அடைத்து, கட்டி, கண்டெய்னரில் ஏற்றுவது அவர்கள் வேலை.

கம்பெனிக்குள் ஒரு சட்டம் இருந்தது. சிலுவைராஜின் கூட்டத்துக்குள் இன்னொரு சட்டம் இருந்தது. ஒருவனுக்குக் காய்ச்சல் என்றால் மற்றவர்கள் அவன் பங்கையும் தூக்கிவிடுவார்கள், மேலே செய்தி போகாது. சம்பளத்தன்று குடித்துவிட்டு வீட்டுக்குப் போகாதவனை மறுநாள் கூட்டத்தோடு உட்கார்ந்து சாப்பிட சிலுவைராஜ் விடமாட்டான். அவன் தட்டோடு லாரிப் பக்கம் போய் உட்கார வேண்டியதுதான். கோவில்காரப் பிள்ளைகளுக்கெல்லாம் சிலுவைராஜ்தான் ஞானத்தகப்பன். பத்துப் பேரில் ஒருவனான அண்ணாதுரை மகளுக்குக் காது குத்தியபோது தாய்மாமன் இந்தியாவில் இருந்தான், பிள்ளையை இவன் மடியில் வைத்துத்தான் குத்தினார்கள். இன்னொருவன் யாக்கூப், அவன் மகன் சுன்னத்து விருந்தில் சிலுவைராஜ் புதுச் சாரோங் கைலி கட்டிக்கொண்டு முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தான். யாருக்கு மேலே யார், யார் சொன்னால் யார் கேட்க வேண்டும் என்பதில் ஒருவனுக்கும் சந்தேகம் வந்ததில்லை.

எனக்கே அவனைப் பார்த்தால் சில நேரம் பொறாமையாக இருக்கும். என்னிடம் வேலை செய்தவர்கள் எனக்குப் பயந்தார்கள். அவன் ஆட்கள் அவனுக்குப் பயந்தது வேறு மாதிரி.

எண்பத்தைந்தில் ஊரே படுத்துக்கொண்டது. கப்பல் பட்டறைகள் காலி, கட்டுமான வேலை காலி. என் வேன்களில் பாதி இருக்கை காற்று வாங்கியது. நான் அசரவில்லை, வேறு வேறு வாடகை பிடித்துச் சமாளித்தேன். தொலைக்காட்சிக் கம்பெனி மட்டும் சமாளிக்க விரும்பவில்லை. கூலி மலிவான நாட்டில் இன்னொரு ஆலை கட்டிவிட்டார்கள். இங்கே ஆள் குறைக்கச் சொல்லி ஐரோப்பாவிலிருந்து டெலக்ஸ் தந்தி வந்தது. ஆட்களைப் பார்க்கும் அதிகாரி மிஸ்டர் சியா, முப்பது வயதுப் பையன், சிலுவைராஜைக் கூப்பிட்டு, பத்தில் ஐந்து பேர் போகவேண்டும், யார் யார் என்று நீயே சொல், அடுத்த திங்கட்கிழமை வரை நேரம் தருகிறேன் என்று சொல்லிவிட்டான்.

சிலுவைராஜ் அன்று வேனில் ஏறவில்லை. பஸ் பிடித்து என் அலுவலகத்துக்கு வந்தான். வந்தவன் வெகுநேரம் உட்காரவே இல்லை.

"என் பேர முதல்ல போட்டுக்கன்னு சொன்னேன் அலெக்ஸு. அது கணக்கில வராதாம். மண்டோர் வேற, ஆள் வேறயாம்."

"நல்லதாப் போச்சு. நீ போயிட்டா மிச்சம் இருக்கிறவன யாரு பாப்பா?"

"அஞ்சு பேரக் கைகாட்டிட்டு அப்புறம் மிச்சம் இருக்கிறவன் முகத்த நான் எப்படிப் பாக்கிறது?"

நான் என் வழியைச் சொன்னேன். யாருக்கு வேலை ஓடுகிறதோ அவனை வைத்துக்கொள், ஓடாதவனை அனுப்பு, தொழில் என்றால் அதுதான். அவன் என்னைப் பார்த்த பார்வையில் கோபம்கூட இல்லை. நீ எங்கள் கூட்டத்தில் இல்லாதவன் என்று சொல்வதுபோல இருந்தது. எனக்குச் சுருக்கென்றது.

அந்த வாரம் அவன் அலைந்த அலைச்சல் எனக்குத் தெரியும், பாதி இடத்துக்கு நானே வேன் ஓட்டிக்கொண்டு போனேன். யூனியன்காரரைப் பார்த்தான். சேரவேண்டியதை வாங்கித் தருவோம், ஆள் குறைப்பை நிறுத்த முடியாது என்றார் அவர். ஃபாதரைப் பார்த்தான். செபம் பண்ணு, நானும் பண்ணுகிறேன் என்றார். மறுபடி சியாவிடம் போய், ஐந்து பேர் சம்பளத்தைப் பத்துப் பேருக்குப் பிரித்துக் கொடுங்கள், ஆளுக்கு அரை நாள் வேலை செய்கிறோம் என்று கெஞ்சினான். சியா கேட்டுக்கொண்டுதான் இருந்தான். பிறகு, மேலே அவர்கள் எண்ணுவது தலைகளை, நேரத்தை அல்ல என்று சொன்னான். மேலே என்றால் யார், நான் போய்ப் பேசுகிறேன் என்று சிலுவைராஜ் கேட்டான். சியா தோளைக் குலுக்கினான். அவனும் அவர்களைப் பார்த்ததில்லையாம்.

கடைசியில் ஆட்களிடமே வாயைத் திறந்தான். அவர்கள் அவன் சுமையை இறக்கி வைப்பார்கள் என்று நினைத்திருப்பான் போல. யாக்கூப்தான் எல்லாருக்குமாகச் சொன்னான்.

"நீங்க யாரச் சொன்னாலும் சரி மண்டோரண்ணே. ஏன்னு கேக்க மாட்டோம்."

அவர்கள் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பான். அந்தச் சொல்தான் அவனை முறித்தது. இரண்டு நாள் சோற்றைத் தொடவில்லை என்று அவன் மனைவி பிரிஜட் கோவில் வாசலில் என்னிடம் அழுதாள்.

பிறகு எடுத்தான் அந்த முடிவை. திருவுளச்சீட்டு. எங்கள் ஆட்களுக்கு இது புதிதில்லை. அண்ணன் தம்பிக்குள் வீடு பிரிப்பதானாலும், திருவிழாவில் யார் சப்பரம் தூக்குவது என்றாலும், மனுசன் முடிவு பண்ண முடியாதபோது சீட்டைக் குலுக்கிப் போட்டு ஆண்டவர் முடிவு என்று எடுத்துக்கொள்வோம். விழுந்தது விழுந்ததுதான், அதில் சண்டை கிடையாது.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து ஈசூனில் அவன் வீட்டு ஹாலில் கூடினோம். தொழில் செய்கிறவன் சாட்சியாக இருக்கட்டும் என்று என்னையும் கூப்பிட்டிருந்தான். அந்தோனியார் சுரூபத்துக்கு முன்னால் ஒரு எவர்சில்வர் சொம்பு. ஐந்து சீட்டில் சிலுவை போடுவோம், ஐந்தை வெறுமையாக விடுவோம் என்றான் ஒருவன்.

யாக்கூப் தலையைச் சொறிந்தான். "சிலுவை போட்ட சீட்டோட வீட்டுக்குப் போனா ஆமினா கதவத் தெறக்க மாட்டா லா."

அந்த வாரத்தில் முதல்முறையாகச் சிரித்தார்கள். சரி, ஒரு கோடு போடுவோம் என்று ஆயிற்று. அடுத்து, கோடு விழுந்தவன் போவதா, இருப்பதா என்று வாக்குவாதம். ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். அடுப்படியிலிருந்து பிரிஜட்தான் குரல் கொடுத்தாள்.

"வெறுஞ்சீட்டு வந்தவன் போகட்டும். போறவன் கையில வேற எதுக்கு ஒரு அடையாளத்தக் குடுக்கறீங்க?"

சிலுவைராஜ் தன் பெயரையும் சேர்க்கவேண்டும் என்றான். மண்டோர் சீட்டு எடுத்தால் நாங்கள் எடுக்கமாட்டோம் என்று அண்ணாதுரை எழுந்து நின்றுவிட்டான். அவன்தான் கூட்டத்தில் மூத்தவன், குடல் இறக்கமும் இருமலும் உள்ளவன். அவன் சொல்லுக்கு மதிப்பு உண்டு. சிலுவைராஜ் உட்கார்ந்துவிட்டான்.

ஒவ்வொருவராக வந்து கையை விட்டார்கள்.  சொம்பில் மோதிரம் உரசும் சத்தம் கேட்டது. அண்ணாதுரைக்குக் கோடு விழுந்தது. யாக்கூப்புக்கு வெறுஞ்சீட்டு. அற்புதராஜுக்கும் வெறுஞ்சீட்டு. அற்புதராஜ் இருபத்தாறு வயதுப் பயல், ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் லைசன்ஸ் கூட்டத்திலேயே அவன் ஒருவனிடம்தான் இருந்தது. வருகிற மாதம் அவனுக்குக் கல்யாணம், கோவிலில் கல்யாண அறிவிப்பு ஓலை வாசிக்க ஆரம்பித்தாயிற்று.

அண்ணாதுரை தன் சீட்டை அற்புதராஜ் கையில் திணித்தான். "நான் இருந்து என்னடா பண்ணப் போறேன். நீ வச்சுக்க."

பயல் வாங்கவும் முடியாமல் கொடுக்கவும் முடியாமல் நின்றான். எல்லாரும் சிலுவைராஜைப் பார்த்தார்கள். நானும் பார்த்தேன். அந்த இடத்தில் நானாக இருந்திருந்தால் சும்மா தலையை ஆட்டியிருப்பேன். ஒரு தலையாட்டலில் வேலை முடிந்திருக்கும்.

"மாத்தக் கூடாது" என்றான் சிலுவைராஜ். "ஆண்டவர்ட்ட கேட்டுட்டு, கெடச்சத வேணான்னு சொல்ல நாம யாரு."

அண்ணாதுரை சீட்டைத் திரும்ப வாங்கிக்கொண்டான். 

மறுநாள் சியாவைப் பார்க்க நானும் கூடப் போனேன். வேன் கணக்குப் பேசுகிற சாக்கு. உண்மையில், சிலுவைராஜுக்கு மலாய் வரும், இங்கிலீஷ் வராது, சியாவுக்கு மலாய் அரைகுறைதான். எனக்கோ வெள்ளைக்காரனோடு பேசிப் பேசியே இங்கிலீஷ் வந்தது. யாரும் சொல்லித் தரவில்லை.

பெயர்களைச் சொன்னதும் சியா பேனாவைக் கீழே வைத்தான். ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிற இளைஞனை அனுப்பிவிட்டு நோயாளிக் கிழவனை வைத்துக்கொள்கிறாயே, எதை வைத்து முடிவு செய்தாய் என்று கேட்டான். அதட்டிக் கேட்கவில்லை. காரணம் ஏதாவது இருக்கும் என்று நம்பித்தான் கேட்டான்.

நான் மேசைக்கு அடியில் சிலுவைராஜ் காலை மிதித்தேன். "எத வச்சு முடிவு பண்ணினேன்னு கேக்கிறாரு. அனுபவத்த வச்சுன்னு சொல்லு. நான் மிச்சத்தப் பாத்துக்கறேன்."

"சீட்டுப் போட்டோம்னு சொல்லு."

"சிலுவ, சொன்னாக் கேளு."

நான் சியாவைப் பார்த்து அனுபவம் என்றேன், விசுவாசம் என்றேன், எனக்குத் தெரிந்த நல்ல இங்கிலீஷ் சொற்களையெல்லாம் சொன்னேன். சிலுவைராஜ் குறுக்கே கையை நீட்டினான். தனக்குத் தெரிந்த துண்டு இங்கிலீஷிலும் மலாயிலும் சொன்னான். நோ. காகிதம். பெயர் இல்லை. ஆளே எடுத்தான். துஹான் கொடுத்தது, நான் கொடுக்கவில்லை. துஹான் என்றால் மலாயில் கடவுள்.

சியாவுக்குப் புரிவதற்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று. சிரிக்கவில்லை. லாட்டரி போட்டாயா என்று ஒரு முறை கேட்டான். சிலுவைராஜ் தலையை நிமிர்த்தி ஆமாம் என்றான். பெருமையாகவே சொன்னான், யாருக்கும் அநியாயம் செய்யவில்லை என்கிற பெருமை. அந்த அறையில் அது ஒரு குற்ற வாக்குமூலம் என்று அவனுக்குத் தெரியவில்லை.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் வேகமாக நடந்தது. ஆட்களைத் தரம் பார்க்கத் தெரியாத மண்டோரை வைத்து ஒரு பகுதியை நடத்த முடியாது என்று மேலே எழுதினார்கள். இல்லை, அந்தப் பகுதியையே மூடுவது என்று முன்பே முடிவாகியிருந்தது, இது ஒரு சாக்கு என்று சொன்னவர்களும் உண்டு. எது உண்மை என்று எனக்கு இன்றுவரை தெரியாது. சியாவுக்கும் தெரிந்திருக்காது. பத்துப் பேரும் போகவேண்டும், சிலுவைராஜும் போகவேண்டும், அட்டை அடைக்கும் வேலையை வெளியே ஒரு குத்தகைக்காரனிடம் கொடுத்துவிடுவது என்று டெலக்ஸ் வந்தது.

அந்தக் குத்தகையை எடுத்தவன் நான்.

இதை மறைக்க எனக்கு எதுவும் இல்லை. பதிவு செய்த கம்பெனி என்னிடம் இருந்தது, வேன் இருந்தது, எல்லாரும் பயந்து ஒதுங்கிய வருடத்தில் துணிந்து கேட்கும் நெஞ்சு இருந்தது. நான் எடுக்காவிட்டால் வேறு ஒருவன் எடுத்திருப்பான், அவன் நம் ஆள் ஒருவனைக்கூட வைத்துக்கொண்டிருக்க மாட்டான்.

செய்தி கேள்விப்பட்டு சிலுவைராஜ் வந்தான். சவரம் செய்து, வெள்ளைச் சட்டை போட்டிருந்தான், பூசைக்கு வருகிறவன் மாதிரி. கோப்பி வரவழைத்தேன். அவன் வேலை கேட்கப் போகிறான் என்று நினைத்து என்ன சொல்வது என்று தயாராக இருந்தேன்.

"பத்துப் பேரையும் எடுத்துக்க அலெக்ஸு. என்ன வேணாம். அவங்கள எடுத்துக்க."

"ஆறு பேருக்குத்தான் வேல இருக்கு சிலுவ. மிச்சத்த மெஷின் சுத்திடும், பிளாஸ்டிக் தாள் போட்டு."

"சம்பளத்தக் கொறச்சுக்க. பத்துப் பேருக்கும் சம்மதம்தான்."

"கம்பெனி ஆறு பேருக்குத்தான் வாசல் பாஸ் தருது. நான் என்ன பண்ண."

அவன் எழுந்திருக்கவில்லை. ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். வெளியே பூக்கட்டுகிற பெண்கள் ஏதோ பேசிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். சிலுவைராஜ் கோப்பியைத் தள்ளி வைத்தான்.

"அப்ப யாரு அந்த ஆறு பேரு. நீ சொல்லு."

நான் சொன்னேன். கோப்பி ஆறுவதற்குள் ஆறு பெயரையும் சொல்லிவிட்டேன். முதலில் அற்புதராஜ், ஃபோர்க்லிஃப்ட் அவனிடம். பிறகு யாக்கூப், முதுகு நல்ல பலம். அப்படியே வரிசையாக. இவன் ஒரு வாரம் சோறில்லாமல், தூக்கமில்லாமல், சாமி காலில் விழுந்து செய்ய முடியாத காரியம் அது. தொழில் செய்கிறவனுக்கு அந்தத் திடம் வேண்டும். இல்லாவிட்டால் நான் இன்னும் அந்த ஓட்டை வேனைத்தான் ஓட்டிக்கொண்டிருப்பேன்.

"அண்ணாதுரை?" என்றான்.

"இருமுறான் சிலுவ."

"ம்."

விடுபட்ட நான்கு பெயர்களையும் வாய்க்குள் ஒரு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டான், மனப்பாடம் செய்கிறவன் போல. நானே ஆள் அனுப்பிச் சொல்லிவிடுகிறேன் என்றேன். வேண்டாம், என் ஆட்களுக்கு நான்தான் சொல்லவேண்டும் என்றான். வேன் தருகிறேன் என்றதற்கும் வேண்டாம் என்றான். அண்ணாதுரை வீடு சுவா சூ காங்கில், பன்றிப் பண்ணைகளை அரசாங்கம் எடுத்துக்கொண்டிருந்த பக்கம். அவன் பலகை வீட்டையும் இடிக்கச் சொல்லியாயிற்று. அவ்வளவு தூரம் பஸ் மாறி மாறிப் போனான்.

அதற்குப் பிறகு அந்த நான்கு பேரும் சிலுவைராஜோடு பேசவில்லை. எனக்கு இது விளங்கவில்லை. ஆள் எடுத்தது நான், விட்டது நான், என் மேல் கோபம் என்றால் நியாயம். அண்ணாதுரை தெருவில் என்னைக் கண்டால் நின்று வணக்கம் சொன்னான். சிலுவைராஜைக் கண்டால் எதிர்ப்பக்கம் போனான். அவன் மகள் கல்யாணத்துக்கு, மடியில் வைத்துக் காது குத்தியவனுக்கு, ஒரு சொல் கிடையாது. யாக்கூப் ஒரு நாள் வேனில் வரும்போது சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. நான்கு வீட்டிலும் சிலுவைராஜ் சொன்ன வார்த்தை ஒன்றேதானாம். அலெக்சாண்டர் என்னிடம்தான் கேட்டார், உன் பெயரை விட்டது நான்தான்.

ஒரு பொய் சொல்லச் சொல்லி சியா முன்னால் காலை மிதித்தபோது கேட்காதவன்.

எண்பத்தெட்டில் என் மகளை லண்டன் படிப்புக்கு அனுப்ப சாங்கி விமான நிலையத்துக்குப் போனேன். எங்கள் குடும்பத்தில் முதல் ஆள் அவள். பெட்டிகளை அனுப்பிவிட்டுத் திரும்பும்போது தள்ளுவண்டிகளை ஒன்றுக்குள் ஒன்று செருகி நீளமாகத் தள்ளிக்கொண்டு ஒருவன் வந்தான். சிலுவைராஜ். உடம்பு பாதியாகியிருந்தது. சட்டையில் ஒரு கம்பெனிப் பெயர், அது எந்த நாட்டுக் கம்பெனி என்று அவனுக்கும் தெரியவில்லை.

இங்கே உனக்கு மண்டோர் யார் என்று கேட்டேன். மண்டோர் என்று யாரும் இல்லையாம். வந்ததும் சுவரில் இருக்கிற மெஷினில் அட்டையைத் தட்டவேண்டுமாம், போகும்போதும் தட்டவேண்டுமாம். கூட வேலை செய்கிறவர்கள் மாறிக்கொண்டே இருக்கிறார்களாம், பெயர் கேட்டு வைப்பதற்குள் போய்விடுகிறார்களாம்.

அப்போதுதான் கேட்டேன், அந்த நான்கு பேரிடம் ஏன் அப்படிச் சொன்னாய் என்று. என்னைக் காப்பாற்றுவதற்காக என்று சொன்னால், எனக்கு யாருடைய பாதுகாப்பும் தேவையில்லை என்று சொல்லத் தயாராக இருந்தேன்.

"உனக்காக இல்ல அலெக்ஸு" என்றான். வண்டிகளின் கைப்பிடியை விடவில்லை. "பதினாலு வயசில வேல தேடி வந்து, பாதி ஆயுசு தூக்கினவங்க. அவங்கள அனுப்பினது யாரு? சியாவா? அவனும் அதே வருசம் போயிட்டான். டெலக்ஸா? வெளியூர்ல கோட்டுப் போட்டவனா? நீ கணக்குப் பாத்த, அவ்வளவுதான். ராத்திரி படுக்கையில யார நெனச்சுத் திட்டுவாங்க? ஒருத்தன் மொகமாவது வேணும்ல. தெரிஞ்ச மொகமா இருக்கட்டும்."

பின்னால் வந்த பயணிகள் வழி கேட்டார்கள். அவன் வண்டிகளை வளைத்துத் திருப்பினான். ஒரு ஆள் தள்ளக் கூடிய நீளம் இல்லை அது. நான் கை கொடுக்கப் போனேன். வேண்டாம், வெளியாள் தொட்டால் கேட்பார்கள் என்று சொல்லிவிட்டுத் தள்ளிக்கொண்டு போனான்.